டெக்னிக்கல் பாயிண்ட்ல வெளிய வந்துட்டானாம்

இன்னார் மேல குண்டாஸ் பாய்ந்ததுன்னு பேப்பர்ல அடிக்கடி வரும். சில மாசம் கழிச்சு அதே ஆளோட குண்டாஸை ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சுன்னு ஒரு மூலைல குட்டியா போடுவாங்க. உடனே எங்க வாட்ஸப் குரூப்ல ஒரு அண்ணன் "பாத்தீங்களா, டெக்னிக்கல் பாயிண்ட்ல வெளிய வந்துட்டான்"னு ஆரம்பிச்சிடுவார். நானும் ரொம்ப நாளா அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன், வக்கீல் நண்பன் ஒருத்தன் ஒரு புக்லெட்ட கைல குடுக்கற வரைக்கும்.

புக்லெட்னா, எதுக்காக உள்ள வெச்சிருக்கோம்னு காவல்ல இருக்கறவருக்கு குடுக்கற பேப்பர் கட்டு. எஃப்ஐஆர், வாக்குமூலம், ரிமாண்ட் ரிப்போர்ட் எல்லாம் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது. ஒரு பக்கத்துல ரவுண்டா சீல் மட்டும் தெரியுது, மத்தது பூரா மை கொட்டின மாதிரி. வெளிச்சத்துல தூக்கி பிடிச்சும் ஒரு வரி ஓடல.

இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. குண்டாஸ்ங்கறது தண்டனை இல்லங்க, தடுப்புக்காவல், அதாவது இனிமே எதுவும் பண்ணிடக்கூடாதுன்னு முன்கூட்டியே உள்ள வைக்கறது. தமிழ்நாட்டுல 1982ல வந்த 14ம் நம்பர் சட்டம், கள்ளச்சாராயத்துல ஆரம்பிச்சு திருட்டு விசிடி வரைக்கும் பின்னாடி அதுல சேத்துக்கிட்டே போனாங்க (விசிடியே செத்துப்போச்சு, அது வேற கதை). கலெக்டரோ கமிஷனரோ ஆர்டர் போட்டா விசாரணையே இல்லாம 12 மாசம் வரைக்கும் உள்ள வைக்கலாம். சாதாரணமா கைது பண்ணா 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும், வக்கீல பாக்க விடணும், அரசியலமைப்பு 22வது பிரிவே சொல்லுது. அதே பிரிவு கொஞ்சம் கீழ போய் தடுப்புக்காவலுக்கு இதெல்லாம் கிடையாதுன்னும் சொல்லுது! அட்வைசரி போர்டுன்னு ஒண்ணு கேஸ பாக்கும், ஆனா அங்க வக்கீல் வெச்சு வாதாடற உரிமை இல்ல. கடைசில அந்த ஆள் கைல மிஞ்சறது 22(5) தான், ஏன் புடிச்சோம்னு சொல்லணும், அத மறுத்து மனு போட சீக்கிரமே வாய்ப்பு குடுக்கணும். படிக்கவே முடியாத பேப்பர வெச்சுக்கிட்டு எத மறுப்பான்? அதனாலதான் ஆட்கொணர்வு மனு (அடைச்சு வெச்சிருக்கறது சட்டப்படி சரியான்னு கோர்ட்ட பாக்கச் சொல்ற மனு) வரும்போது நகல் தெளிவில்ல, மொழிபெயர்ப்பு குடுக்கல, மனுவ பரிசீலிக்க லேட்டு பண்ணீங்கன்னு கோர்ட் ரத்து பண்ணுது.

இந்த சண்டை புதுசும் இல்ல. 1950ல, அரசியலமைப்பு வந்து நாலு மாசம் கூட ஆகல, அப்போதைய மெட்ராஸ் ஸ்டேட்ல தடுப்புக்காவல்ல இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் சுப்ரீம் கோர்ட்டுக்கு போனார். பார்லிமெண்ட் முறையா போட்ட தடுப்புக்காவல் சட்டம், அது நியாயமான்னு நாங்க பாக்க முடியாதுன்னு மெஜாரிட்டி சொல்லிட்டாங்க, அவருக்கு விடுதலை கிடைக்கல. ஆனா காவலுக்கான காரணத்த கோர்ட்டுக்கு கூட சொல்லக்கூடாதுன்னு அந்த சட்டத்துல இருந்த 14வது பிரிவ மட்டும் அடிச்சு தூக்கிட்டாங்க. நடைமுறை நியாயமாவும் இருக்கணும்னு கோர்ட் சொல்ல 1978 ஆச்சு, மேனகா காந்தி பாஸ்போர்ட் கேஸ்ல. அதுலயும் பிரச்சனை அதேதான், பாஸ்போர்ட்ட எடுத்துக்கிட்ட கவர்மெண்ட் காரணம் சொல்ல மாட்டேன்னுச்சு.

உள்ள இருக்கறவங்க எல்லாம் யோக்கியம்னு நான் சொல்ல வரல. குத்தம் பண்ணிருந்தா அந்த கேஸ் தனியா நடக்கும், குண்டாஸ் ரத்தானா அது ஒண்ணும் ரத்தாகாது.

போன வாரம் குரூப்ல மறுபடி அதே பேச்சு வந்தப்ப அந்த மை பக்கத்த போட்டோ எடுத்து போட்டு, அண்ணே இதுக்கு ஒரு பதில் மனு எழுதுங்கன்னேன். "தெளிவா அனுப்புப்பா, ஒண்ணுமே தெரியல"ன்னு ரிப்ளை வந்துச்சு.