எட்டுக் கட்டு பீடி, ஐந்து தேர்வு, ஒரு முதுகலை

சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து போன் நிற்கவில்லை. கூடப் படித்தவர்கள், அவர்களுடைய தங்கைமார், எங்கள் ஊர் முக்கூடலிலேயே மூன்று வீட்டுப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே கேள்வி: எப்படி நடந்தது? நடந்தபடி எழுதுகிறேன்.

படிப்பின் பெயர் 'தரவு, பொருளாதாரம், கொள்கை வடிவமைப்பு'. அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் உள்ள எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தரும் முதுகலை. (நம் பக்கம் எம்.ஐ.டி. என்றால் குரோம்பேட்டைப் பொறியியல் கல்லூரிதான். சென்னைக்குத்தானே போகிறாய் என்று அத்தை நிம்மதியாகக் கேட்டார்.) 2019-ல் பொருளாதார நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் சேர்ந்து உருவாக்கிய பாடங்கள் இதன் அடித்தளம்.

வழக்கமாக முதலில் சேர்க்கை, அப்புறம் படிப்பு. இதில் வரிசை வேறு. இணையத்தில் ஐந்து பாடங்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் கண்காணிப்போடு நடக்கும் இணையத் தேர்வு எழுதித் தேற வேண்டும். அந்தச் சான்று இருந்தால்தான் முதுகலைக்கே விண்ணப்பிக்கலாம். இளங்கலைப் பட்டம் கட்டாயமில்லை, ஜி.ஆர்.இ. என்கிற நுழைவுத் தேர்வும் கேட்பதில்லை. தேர்வானால் ஜனவரியில் அங்கே போய் ஒரு பருவம் படித்து, கோடையில் ஒரு செயல்திட்டம் முடிக்க வேண்டும். முதல் அணி 2020-ல் போனது. பாடங்களைப் பார்க்கக் காசு வேண்டாம். சான்றுக்குத்தான் கட்டணம், அதுவும் வருமானத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். அம்மா பீடி சுற்றுகிறாள், எனக்குத் திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு வேலை. இரண்டையும் கூட்டி எழுதியபோது கட்டணம் கீழ்ப்படியில் வந்தது. அந்த ஏற்பாடு இல்லையென்றால் இரண்டாவது பாடத்தோடு நின்றிருப்பேன்.

காலை பஸ் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். வகுப்புகளைப் போனில் இறக்கி வைத்து பஸ்ஸில் கேட்பேன். பயிற்சிக் கணக்குகள் ராத்திரி, அம்மா பீடி சுற்றும் சுளவுக்கு (முறத்துக்கு) பக்கத்தில்.

முதலில் எடுத்தது புள்ளியியல். எஸ்தர் டஃப்லோவும் சாரா எலிசனும் நடத்துவது. நான் பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. புள்ளியியல் படித்தவள் என்ற தைரியத்தில் போய் உட்கார்ந்தேன், தேர்வில் தோற்றேன். காரணம் எனக்கே தெரிந்தது. கல்லூரியில் சூத்திரம் எழுதி, அட்டவணை பார்த்து, 'கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது' என்று முடித்தால் முழு மதிப்பெண். இங்கே எதை நிராகரிக்கிறாய், எந்தத் தைரியத்தில் நிராகரிக்கிறாய் என்று கேட்கிறார்கள். மூன்று வருடம் அந்த வாக்கியத்தை அர்த்தம் தெரியாமலே எழுதியிருக்கிறேன்.

அது புரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் எழுதிய தேநீர்ச் சோதனை பாடத்தில் வரும். கோப்பையில் பால் முதலில் ஊற்றியதா, டீ முதலில் ஊற்றியதா என்று குடித்தே சொல்வேன் என்கிறார் ஒரு பெண். எட்டுக் கோப்பை வைத்துச் சோதிக்கிறார்கள். நான் கோப்பையை விட்டுவிட்டு பீடியை எடுத்தேன். அம்மா சுற்றிய நாலு கட்டு, சித்தி சுற்றிய நாலு கட்டு. ஒரே இலை, ஒரே தூள், ஒரே நூல். கலந்து சுளவில் வைத்து, "இதுல நாலு நீ சுத்துனது, எடு பாப்போம்" என்றேன். அம்மா ஒவ்வொரு கட்டாகத் தூக்கி, தலை மடக்கிய இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்து நாலை எடுத்து வைத்தாள். நாலும் அவளுடையது.

எட்டில் நாலை எடுக்க 70 வழி உண்டு. அம்மாவுக்கு அடையாளமே தெரியாது, சும்மா கைக்கு வந்ததை எடுத்தாள் என்று வைத்துக்கொண்டால், நாலும் சரியாக அமைவது எழுபதில் ஒரு தடவை, அதாவது 1.4 சதவீதம். 'தெரியாது' என்று நாம் வைத்துக்கொண்டதுதான் கருதுகோள். எழுபதில் ஒன்று நம் கண் முன்னால் நடந்துவிட்டதால் அதைக் கைவிடுகிறோம். ஒன்று தவறி மூன்று சரியாக இருந்திருந்தால்? அப்படி அமைய 16 வழி. முழுதும் சரியான ஒன்றையும் சேர்த்தால் 17/70, ஏறக்குறைய 24 சதவீதம். நாலில் ஒரு தடவை தற்செயலாகவே நடக்கக்கூடியது, அதை வைத்து அம்மாவுக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்ல முடியாது. நான் இதை நோட்டில் எழுதிக்கொண்டிருக்க, அம்மா சொன்னாள்: "ஏட்டி, நான் சுத்துன பீடி எனக்குத் தெரியாதா? இதுக்குப் போயி கணக்கு போடுதியே."

அடுத்த பருவத்தில் அதே தேர்வை மறுபடி எழுதித் தேறினேன். பாதித் தேர்வில் கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியும் போன் ஹாட்ஸ்பாட்டும் காப்பாற்றின. தேர்வுக்கு உட்காரும் முன் இரண்டையும் நூறு சதவீதம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

நுண்பொருளியல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வகைநுண்கணிதம் மறந்திருந்தால் பிளஸ் டூ புத்தகத்தை எடுத்து ஒரு மாதம் போட்டுப் பாருங்கள். தரவை அலசப் பயன்படும் 'ஆர்' (R) என்ற கணினி மொழிக்குப் பயப்பட வேண்டாம், எக்செல்லில் வேலை பார்த்தவர்களுக்கு மூன்று வாரத்தில் கை வந்துவிடும்.

என்னை மாற்றியது வறுமை பற்றிய பாடம். ராஜஸ்தானில் உதய்ப்பூர்ப் பக்கம் 134 கிராமங்களில் நடந்த ஆய்வு அதில் வரும். தடுப்பூசி முகாம் எதுவும் கூடுதலாக நடத்தாத ஊர்களில் முழுத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதாமாதம் தவறாமல் முகாம் நடந்த ஊர்களில் 18. முகாமோடு ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டுகள் என்று கொடுத்த ஊர்களில் 39. எந்த ஊருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால், வித்தியாசம் முகாமாலும் பருப்பாலும் வந்தது என்று சொல்ல முடிகிறது. ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்குக் காச்சல் அடிக்கும். மறுநாள் வேலைக்குப் போவ முடியாது. அந்தக் கூலிக்கு ஈடா பருப்பு வேண்டாமா?" என்றார். பள்ளிக்கூடமே போகாத ஆச்சி. அன்றிலிருந்து நான் எதைப் படித்தாலும் அவரிடம் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன்.

விண்ணப்பக் கட்டுரையில்தான் அதிகம் திணறினேன். முதல் வரைவு முழுக்க எங்கள் கஷ்டம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கான உதவித்தொகையில் படித்தது, பட்டாசல் விளக்கடியில் படித்தது. பெங்களூரில் இருக்கும் கல்லூரி அக்கா படித்துவிட்டுச் சொன்னாள்: "படிச்சா கண்ணு கலங்குதுடி. ஆனா அங்க போயி என்ன ஆராயப் போறேன்னு ஒரு வரிகூட இல்லையே." இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் மொத்தத்தையும் அழித்தேன்.

புதிதாக எழுதியது மகளிர் உரிமைத்தொகை பற்றி. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய திட்டம், மாதம் 1,000 ரூபாய். தகுதி விதிகளில் ஒன்று, வீட்டின் மின்சாரம் வருடத்துக்கு 3,600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. 3,550 யூனிட் எரித்த வீட்டுக்கும் 3,650 எரித்த வீட்டுக்கும் வசதியில் பெரிய வேறுபாடு இருக்காது. ஆனால் ஒரு வீட்டுக்குப் பணம் வரும், இன்னொன்றுக்கு வராது. வருமானம், நிலம் ஆகிய மற்ற விதிகளில் தேறிய வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒட்டி இருப்பவர்களை ஒப்பிட்டால், அந்த ஆயிரம் ரூபாய் வீட்டில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பிள்ளைகளின் படிப்புச் செலவா, நகைக் கடன் வட்டியா, அம்மாமார் சுற்றும் பீடி எண்ணிக்கை குறைகிறதா? யாரும் வேண்டுமென்றே யூனிட்டைக் குறைத்திருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். அதனால் கோட்டுக்குச் சற்றுக் கீழே வீடுகள் வழக்கத்துக்கு மீறிக் குவிந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகள் உண்டு, அவற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது என்றும் எழுதினேன். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த இரண்டு பக்கம் அது.

பணம்: உதவித்தொகை போக மீதிக்குக் கல்விக் கடன். முதலில் போன வங்கியில் இணையவழிச் சான்று என்றதும் தாளைத் திருப்பித் தந்தார்கள். இரண்டாவது வங்கி மேலாளர் சேர்க்கைக் கடிதத்தை முழுக்க வாசித்தார், சித்தப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் வந்த ராத்திரி அம்மா கடைசிக் கட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜனவரியில் போனால் கோடை முடிந்துதான் திரும்புவேன் என்றேன். நெல் அறுப்பு மாதங்களை விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள்.

"பிசான அறுப்புக்கு இருக்க மாட்ட. கார் அறுப்புக்கு வந்துருவல்லா?"

"வந்துருவேம்மா."

"அப்ப சரி" என்று சொல்லி, மறுநாளைக்கான இலையை நனைக்க எழுந்து போனாள்.