பாஸ்டனில் ஓசியில் பார்க்க ஒரு கலாட்டா: ஜூனியரைப் படுக்கவைத்து அளந்த பாலம்

பாஸ்டனில் எதைத் தொட்டாலும் டாலர். காபி விலையை மனசுக்குள் ரூபாயாக மாற்றினால் காபியே இறங்காது. அந்த ஊரில் முதலில் பார்க்கவேண்டியது, சல்லிக்காசு கேட்காத ஹார்வர்டு பாலம்தான். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம், சார்ல்ஸ் ஆற்றைக் கடந்தால் வருவது எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்).

1958 அக்டோபரில் அங்கே லாம்ப்டா கை ஆல்ஃபா என்ற மாணவர் சங்கத்தில் புதிதாகச் சேர வந்த பசங்களில் குட்டையானவர் ஆலிவர் ஸ்மூட். உயரம் 5 அடி 7 அங்குலம். பாலத்தை இவரை வைத்தே அளக்கவேண்டும், இவர் உயரம்தான் ஒரு 'ஸ்மூட்' என்பது சீனியர்களின் உத்தரவு. பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரிதான், ஆனால் முழு உடம்பால். நடைபாதையில் மல்லாக்கப் படு, தலைமாட்டில் சாக்பீஸ் கோடு, எழுந்து அந்தக் கோட்டில் குதிகாலை வைத்து மறுபடி படு. பத்து ஸ்மூட்டுக்கு ஒரு தடவை பெயிண்டில் எண். போகப்போக ஆள் ஓய்ந்துவிட, மற்றவர்கள் தூக்கித் தூக்கிக் கிடத்தினார்கள். கடைசியில் வந்த கணக்கு 364.4 ஸ்மூட், கூடக்குறைய ஒரு காது. கலாட்டாவிலும் பிழை வரம்பு போட்டான் பாருங்கள், அவன்தான் இஞ்சினியர்!

எண்கள் பாஸ்டன் கரையில் தொடங்குகின்றன, அதனால் அந்தப் பக்கமிருந்து ஏறுங்கள். லோகன் விமான நிலையத்தில் டாக்சி பக்கமே திரும்பாதீர்கள். மீட்டர், அதற்கு மேல் சுரங்கப்பாதைச் சுங்கம், அதற்கும் மேல் டிப்ஸ். வாசலில் வரும் எஸ்எல்1 சில்வர் லைன் பஸ் இலவசம். சவுத் ஸ்டேஷனில் வெளியே வராமல் ரெட் லைன் ரயில், பார்க் ஸ்ட்ரீட்டில் மாறி கிரீன் லைன் ரயில், இறங்கவேண்டியது ஹைன்ஸ். கிரீன் லைனில் பி, சி, டி மூன்றும் சரி. இ வண்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள், கோப்லியோடு பிரிந்து வேறு பக்கம் போய்விடும். ஹைன்ஸிலிருந்து பத்து நிமிட நடை.

1ஆம் நம்பர் பஸ் பாலத்தின் மேலேயே போகிறதே என்று ஆசைப்படவேண்டாம். நெரிசல் நேரத்தில் ஊரும். காத்திருந்து காத்திருந்து கடுப்பாகும்போது இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே உட்கார்ந்தால் ஓர் எண்கூடக் கண்ணில் படாது. 620 மீட்டர்தானே, நடங்கள்.

ஏறியதும் காலடியில் பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தவறான நடைபாதை. அங்கேயே மாறிவிடுங்கள், நடுப்பாலத்தில் வண்டிகளுக்கு ஊடே கடப்பது வம்பு. சங்கத்தில் புதிதாகச் சேரும் பசங்க இன்றும் எண்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், பல வண்ணத்தில். நடுவில் 'நரகத்துக்குப் பாதி வழி' என்று எழுதி எம்.ஐ.டி. பக்கம் அம்புக்குறி போட்டிருப்பார்கள். பரீட்சை எழுதியவர்களுக்குப் புரியும். பனி கொட்டினால் அத்தனையும் மூடிவிடும், எனவே ஜனவரியில் போய்த் தேடாதீர்கள். வெயில் காலத்திலும் ஆற்றுக்காற்று தொப்பியைப் பறிக்கும்.

1980களின் கடைசியில் பாலத்தைப் புதுப்பித்தபோது, நடைபாதை கான்கிரீட்டில் வழக்கமான 6 அடிக்குப் பதில் 5 அடி 7 அங்குலத்துக்கு ஒரு கோடு கீறினார்கள். விபத்து நடந்த இடத்தைக் குறிக்கப் போலீசுக்கே இந்த எண்கள் உதவின. அளவுகோலாகக் கிடந்த ஆள் பிற்பாடு உலகத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவுக்கே தலைவரானார் (2003-04). எந்தக் கதாசிரியரும் இப்படி எழுதத் துணியமாட்டார்!

கரையேறியதும் நேராக எம்.ஐ.டி. வளாகத்திலிருக்கும் ஸ்டேட்டா கட்டடம். 1994 மே மாதம் எம்.ஐ.டி.யின் பெரிய குவிமாடத்தின் மேல் ஒரே ராத்திரியில் முளைத்த 'போலீஸ் கார்' அங்கே இருக்கிறது. முழுக்காரை யாரும் தூக்கவில்லை. பழைய செவ்ரோலே கேவலியர் காரின் மேல்தகடுகளை மாணவர்கள் கழற்றி, துண்டு துண்டாக மேலே கொண்டுபோன மரச்சட்டத்தில் பூட்டியிருந்தார்கள். உள்ளே பொம்மைப் போலீஸ், பக்கத்தில் டோனட் பெட்டி. கண்ணாடியில் பார்க்கிங் அபராதச் சீட்டுகூட உண்டு. கட்டடம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பசித்தால் மாசசூசெட்ஸ் அவென்யூவிலேயே சென்ட்ரல் ஸ்கொயர் வரை நடந்துவிடுங்கள், அங்கே இந்தியச் சாப்பாடும் கிடைக்கும்.