மகள் கடற்படைப் பயிற்சிக்குச் சென்றபோது: ஒரு தாயின் ஆயத்தக் குறிப்புகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புவது பற்றிக் கேட்டால் வழிகாட்ட நூறு பேர் முன்வருவார்கள். கடற்படைக்கு அனுப்புவது பற்றிக் கேட்டால் விவரம் சொல்ல ஆள் கிடைப்பது அரிது. எங்கள் மகள் உயர்நிலைப் பள்ளியின் கடைசி ஆண்டில், ஹாஸ்பிடல் கோர்மன் எனப்படும் கடற்படை மருத்துவ உதவியாளர் பணிக்குச் செல்வதென்று முடிவெடுத்தபோது எங்கள் நிலையும் அதுதான். பயிற்சி தொடங்கிய பிறகு பெற்றோரால் செய்ய முடிவது மிகக் குறைவு. செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதி பிள்ளை வீட்டில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய மாதங்களைப் பற்றியே இங்கு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தம். 17 வயதில் சேரும் பிள்ளைக்குப் பெற்றோரின் கையொப்பம் தேவை. 18 நிறைந்துவிட்டால் முடிவு முழுவதும் பிள்ளையுடையது. எங்கள் மகளுக்கு 18 நிறைந்திருந்தும், ரெக்ரூட்டர் எனப்படும் ஆள்சேர்ப்பு அதிகாரியைப் பார்க்கச் சென்றபோது எங்களையும் உடன் அழைத்துச் சென்றாள். கேள்விகளை வீட்டிலேயே சேர்ந்து எழுதி வைத்துக்கொண்டோம். அங்கே கேட்டது அவள்தான். வாய்ச்சொல்லாக வரும் ஒவ்வொரு உறுதிக்கும் "இது ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. பேச்சில் பெரும்பாலும் முழுநேரப் பணிக்காலம் மட்டுமே வரும்; முதன்முறை சேருபவருக்கு மொத்தக் கடப்பாடு பொதுவாக 8 ஆண்டுகள், முழுநேரப் பணி போக எஞ்சியவை ரிசர்வ் எனப்படும் சேமப்படைக் கணக்கில் சேரும். இன்னொன்றும் அன்று தெளிவாயிற்று. கரையிறங்கிப் போரிடும் மரீன் படைக்கென்று தனி மருத்துவப் பணியாளர்கள் கிடையாது. அவர்களுடன் களத்துக்குச் செல்லும் மருத்துவ உதவியாளர்கள் கடற்படையைச் சேர்ந்த கோர்மன்களே. கப்பலிலோ மருத்துவமனையிலோ வேலை என்றே எண்ணியிருந்த என் கணவருக்கு அது எளிதில் செரிக்கும் செய்தியாக இல்லை. ஆனால் மகள் அதைத் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்திருந்தாள். இந்த உரையாடல் பிள்ளை புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில் நடக்கக் கூடாது. கையொப்பத்துக்கு முன்பே நடந்துவிட வேண்டும்.

அடுத்தது உடல்நலம் பற்றிய உண்மை. மெப்ஸ் எனப்படும் இராணுவ நுழைவு மையத்தில் முழு உடற்பரிசோதனை நடக்கும். 2022 முதல் அங்கே ஜெனிசிஸ் என்னும் மின்னணு மருத்துவப் பதிவேடு பயன்பாட்டில் இருக்கிறது. வெளி மருத்துவர்கள் எழுதிய பழைய குறிப்புகளும் மருந்துச் சீட்டுகளும் அதன் வழியே அவர்கள் பார்வைக்கு வர வாய்ப்புண்டு. எங்கள் மகளுக்குச் சிறுவயதில் மூச்சிரைப்பு வந்து இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். "அதையெல்லாம் சொல்ல வேண்டாம், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் உண்டு. நாங்கள் அதற்கு உடன்படவில்லை. மறைத்துச் சேர்வது சட்டப்படி மோசடிச் சேர்க்கை ஆகிவிடும். பின்னாளில் தெரியவந்தால் இழப்பு பிள்ளைக்குத்தான். 13 வயது நிறைந்த பிறகும் ஆஸ்துமா இருந்ததாகப் பதிவு இருந்தால்தான் அது தகுதிக் குறைவாகக் கொள்ளப்பட்டு வெய்வர் எனப்படும் விதிவிலக்கு கேட்க வேண்டிவரும். ஆகவே குழந்தை மருத்துவரிடம் பழைய பதிவுகள் அனைத்தையும் கேட்டு வாங்கி, கடைசியாக இன்ஹேலர் எழுதப்பட்ட தேதியைக் குறித்து, நுரையீரல் செயல்திறன் சோதனையும் செய்து, முடிவுகளோடு அனுப்பினோம். கேள்விகள் வந்தன, தாள்களே அவற்றுக்குப் பதில் சொல்லிவிட்டன.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. பிறந்தவுடன் போடப்படும் பிசிஜி தடுப்பூசியின் காரணமாக, காசநோய்க்கான தோல் பரிசோதனை சிலருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும். இரத்தப் பரிசோதனையை அந்த ஊசி பாதிப்பதில்லை. தடுப்பூசி அட்டையின் நகலை உடன் அனுப்பினால் வீண் குழப்பம் குறையும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதற்கும் எழுத்துபூர்வமான சான்று வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில், பிள்ளைகள் "பீநட் பட்டர் ஷாட்" என்று அழைக்கும் பென்சிலின் ஊசியை இடுப்பில் போடுகிறார்கள். நெருக்கமாகத் தங்கும் இடத்தில் தொற்று பரவாதிருக்கவே அது.

பாதுகாப்பு ஒப்புதலுக்கான எஸ்எஃப்-86 படிவம்தான் எங்கள் வீட்டில் அதிக நேரம் எடுத்தது. கடந்த 10 ஆண்டுகளில் வசித்த முகவரிகள், பெற்றோர் பிறந்த இடம், எங்கள் குடியுரிமைச் சான்றிதழ் எண்கள், 7 ஆண்டு வெளிநாட்டுப் பயணங்கள், நெருங்கிப் பழகும் வெளிநாட்டு உறவினர்கள், வெளிநாட்டுச் சொத்துகள் எல்லாவற்றையும் அது கேட்கிறது. எங்களைப் போன்றவர்களுக்கு ஒவ்வொரு பதிலுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கும். தாத்தா தன் நிலத்தில் ஒரு பகுதியைப் பேத்தி பெயருக்கு எழுதியிருக்கலாம். அவள் பெயரில் ஊரில் ஒரு வைப்புத்தொகை இருக்கலாம். அது அவளுக்கே தெரியாமலும் இருக்கலாம். ஊரில் இருப்பவர்களிடம் பேசி உறுதி செய்துகொண்ட பிறகே அவளை நிரப்பச் சொன்னோம். பாஸ்போர்ட்டின் முத்திரைப் பக்கங்களைப் பார்த்துப் பயணத் தேதிகளை ஒரு நோட்டில் வரிசைப்படுத்திக் கொடுத்தது என் பங்கு.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் விசா இன்றி இந்தியா சென்றுவர உதவும் ஓசிஐ அட்டையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். வெளிநாட்டு இராணுவத்தில் பணியாற்றுபவருக்கும் பணியாற்றி ஓய்வுபெற்றவருக்கும் ஓசிஐ வழங்கப்படுவதில்லை என்பது இந்திய அரசின் விதி. ஏற்கெனவே அட்டை வைத்திருக்கும் பிள்ளைகள், சேரும் முன்பே இந்தியத் துணைத் தூதரகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துவது நல்லது. பாட்டி வீட்டுக்கு நினைத்தபோதெல்லாம் போய்வந்த பிள்ளைக்கு இனி அது அவ்வளவு எளிதாக இராது என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது அவளுக்கு நாம் செய்யும் நியாயம்.

உடற்பயிற்சியில் அவளுக்கு எங்கள் உதவி அதிகம் தேவைப்படவில்லை. புஷ்-அப், பிளாங்க், ஒன்றரை மைல் ஓட்டம் ஆகியவையே தேர்வு. பள்ளி விளையாட்டில் இருந்தவளுக்கு அவை புதியவை அல்ல. நீச்சல்தான் கவலையாக இருந்தது. சேருவதற்கு நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, தெரியாதவர்களுக்கு அங்கேயே கற்றுத் தருகிறார்கள்; ஆனால் மூன்றாம் நிலை நீச்சல் தேர்வில் தேறாமல் பயிற்சியை முடிக்க முடியாது. உயரமான மேடையிலிருந்து ஆழமான நீரில் கால் முதலாகக் குதிக்க வேண்டும், 50 கெஜம் நீந்த வேண்டும், முகம் நீருக்குள் இருக்க 5 நிமிடம் மிதக்க வேண்டும், அணிந்திருக்கும் உடையில் காற்றைப் பிடித்து மிதவையாக்கவும் தெரிய வேண்டும். நீந்தத் தெரிந்த எங்கள் மகளுக்கு மேடையிலிருந்து குதிப்பதில்தான் பயம். பொது நீச்சல் குளத்தின் குதிமேடை விளிம்பில் ஒரு கையால் மூக்கையும் வாயையும் மூடி, மறு கையை அதன் மேல் குறுக்காகக் கொடுத்து, கீழே பார்க்காமல் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும். கீழே பார்த்தால் உடல் முன்னால் சாய்ந்து முகம் நீரில் அறையும். முதலில் பலமுறை விளிம்பு வரை போய்த் திரும்பினாள். அந்தக் கோடை முடிவதற்குள் அவளாகவே வரிசையில் போய் நிற்கத் தொடங்கினாள். வசதியிருப்பவர்கள் நீச்சலுக்கென்று சில மாதங்களை ஒதுக்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

மனப்பாடம் செய்ய வேண்டியவையும் உண்டு. காவல் பணிக்கான 11 பொது ஆணைகள், கடற்படை வீரரின் உறுதிமொழி, பதவி வரிசை ஆகியவற்றை வீட்டிலேயே படித்துவிட்டுப் போனால், தூக்கமில்லாத முதல் வாரத்தில் ஒரு சுமை குறையும்.

எடுத்துச் செல்ல அதிகம் இல்லை. சமூகப் பாதுகாப்பு அட்டை, அடையாள அட்டை, சம்பளம் சேர வேண்டிய வங்கிக் கணக்கின் விவரம், மூக்குக் கண்ணாடி, முகவரிகள், தபால் தலைகள் போதும். முகவரிகளோடு சேர்த்து நாங்கள் கொடுத்தனுப்பிய ஒரு தாளைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பயிற்சி நிறைவு விழாவுக்கு வரும் விருந்தினர் பெயர்களைப் பயிற்சி பெறுபவர்தான் பட்டியலில் தர வேண்டும். வாயிலில் காட்டும் அடையாள அட்டையிலுள்ள பெயரோடு அது பொருந்த வேண்டும். எங்கள் வீட்டிலோ ஒருவருக்கு அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொருவருக்கு ஊர்ப் பெயர் நடுவிலும், மற்றவருக்கு முன்னெழுத்து விரிவாக்கப்பட்டும் இருக்கிறது. ஒவ்வொருவரின் அட்டையிலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அச்சிட்டுக் கொடுத்தோம்.

புறப்படும் நாளில் மெப்ஸில் மீண்டும் ஒருமுறை உறுதிமொழி ஏற்பு நடக்கும். குடும்பத்தினர் நின்று பார்க்கலாம். அங்கிருந்து விமானத்தில் சிகாகோவின் ஓ'ஹேர் நிலையம், பிறகு பேருந்தில் மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள கிரேட் லேக்ஸ். 1911-இல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தில்தான் இன்று கடற்படையின் ஒரே அடிப்படைப் பயிற்சி மையம் இருக்கிறது. ஆர்லாண்டோவிலும் சான் டியேகோவிலும் இருந்த மையங்கள் 1990-களில் மூடப்பட்டுவிட்டன. அன்றிரவு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. எழுதிக் கொடுத்ததைப் படிப்பது போன்ற குரலில், வந்து சேர்ந்துவிட்டதாகவும் முகவரி கடிதத்தில் வரும் என்றும் சொன்னாள். நாம் ஏதும் கேட்பதற்குள் தொடர்பு துண்டிக்கப்பட்டது. எல்லார் வீட்டுக்கும் அப்படித்தான் வருகிறது. சில நாட்களில் அவள் போட்டுச் சென்ற உடையும் காலணியும் கைபேசியும் ஒரு பெட்டியில் வீடு வந்தன. பெட்டி வரும் என்பதை வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு முன்பே சொல்லி வைத்துவிடுங்கள். விவரம் தெரியாமல் அதைத் திறப்பவர்கள் பதறிப்போவார்கள்.

அதன்பின் மௌனம். அவளுடைய கப்பல் எண்ணும் டிவிஷன் எண்ணும் கொண்ட கடிதம் வரும் வரை நாமும் எழுத முடியாது. கப்பல் என்பது அங்கே அவர்கள் தங்கும் கட்டடம், டிவிஷன் என்பது சேர்ந்து பயிற்சி பெறும் குழு. கடிதம் வந்த அன்றே எழுதத் தொடங்கினோம். உறையில் செல்லப் பெயரோ படமோ வேண்டாம், தின்பண்டம் அனுப்பவே கூடாது. வீட்டுக் கவலைகளை எழுதாமல், அன்றாடச் செய்திகளை எழுதினோம்: தம்பியின் தேர்வு, தோட்டத்தில் காய்த்த கத்தரிக்காய், பாட்டி கேட்ட கேள்விகள். கடைசி இரண்டு மூன்று வரிகளைத் தமிழில் எழுதுவேன். அவளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஓய்வில் அந்த வரிகளைக் கடைசிக்கு வைத்துப் படித்ததாகப் பதில் எழுதியிருந்தாள்.

இடையில் காய்ச்சல் வந்து சில நாட்கள் பயிற்சியைத் தவறவிட்டதால், பின்னால் வரும் டிவிஷன் ஒன்றுக்கு மாற்றப்பட்டாள். அங்கே இதை "அஸ்மோ" என்கிறார்கள். இது தண்டனை அன்று, தோல்வியும் அன்று. ஆனால் முகவரி மாறும், விழாத் தேதியும் தள்ளிப்போகும். விமானச் சீட்டும் விடுதி அறையும் மாற்றக்கூடியவையாக எடுத்திருந்ததால் எங்களுக்குப் பண இழப்பு இல்லை. குடும்பத்தில் மரணமோ கடும் நோயோ நேர்ந்தால், நேரடியாகத் தளத்தை அழைப்பதைவிட அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகச் செல்வதே முறை; அவர்கள் சரிபார்த்து மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பார்கள். மகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண், டிவிஷன் எண் ஆகியவற்றை வீட்டில் ஒரே இடத்தில் எழுதி வைத்திருந்தோம்.

இறுதிக் கட்டம் "பேட்டில் ஸ்டேஷன்ஸ்". ஒரு கட்டடத்துக்குள், தண்ணீரில், 210 அடி நீளத்தில் அமைக்கப்பட்ட டிரேயர் என்னும் மாதிரிப் போர்க்கப்பலில் இரவு முழுவதும் சுமார் 12 மணி நேரம் தீயணைப்பு, வெள்ளத் தடுப்பு, காயமுற்றோரை மீட்டல் எனச் சோதனைகள் நடக்கும். விடியலில் "ரெக்ரூட்" என்று பொறித்த தொப்பியை எடுத்துவிட்டு "நேவி" என்று பொறித்ததை அணிவிக்கிறார்கள். அதன்பின் வரும் அழைப்பில்தான் "நான் இப்போது செய்லர், அம்மா" என்று சொன்னாள். குரல் கரகரத்து, தொண்டை கட்டியிருந்தது. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

விழா மிட்வே அரங்கில் நடந்தது. இணையத்தில் நேரலையாகவும் ஒளிபரப்புகிறார்கள்; ஊரில் இருப்பவர்கள் இரவில் விழித்திருந்து பார்த்தார்கள். கைபேசியையும் சார்ஜரையும் நாங்கள் எடுத்துச் சென்றிருந்தோம். அதன் பிறகு அவள் கோர்மன் பயிற்சிக்காக டெக்சஸின் சான் அன்டோனியோவுக்கு மாற்றப்பட்டாள். அது முடிந்ததும் மருத்துவமனைக்கு அனுப்புவார்களா, அல்லது மரீன்களுடன் பணியாற்றுவதற்கான களப் பயிற்சிக்காக கேம்ப் பெண்டில்டனுக்கோ கேம்ப் லெஜூனுக்கோ அனுப்புவார்களா என்பது உத்தரவு வந்த பிறகுதான் தெரியும். என் கணவர் இப்போது அந்தக் களப் பயிற்சியைப் பற்றிப் படித்துக் குறிப்பெடுத்து வருகிறார்.