சித்திரச் சேர் கட்டித் தந்த கொப்பி

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சித்திரம் படிப்பித்த சித்திரச் சேரின் அந்தியேட்டிக்கு அச்சடித்த நினைவு மலர் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. பிறந்த ஊர், படிப்பித்த பாடசாலைகள், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. சேர் கீறிய ஒரு கோடுகூட அதில் இல்லை. எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளர் கேட்டபோது வேறு விசயம் தேடத் தோன்றவில்லை.

மேல்மாடி மூலை அறையையும் வியாழன் கடைசி இரண்டு பாடங்களையும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான்கள் வராத பொருளாதாரத் தடைக் காலம். பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகின. சித்திரக் கொப்பிக்கு எங்கே போவது? சேர் வகுப்பு வகுப்பாகப் போய், போன வருடக் கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைச் சேர்ப்பார். அவற்றைப் பாதியாக மடித்து, சாக்குத் தைக்கிற ஊசியால் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் தொடங்கி நடுத்துளையிலேயே முடிச்சுப் போடுவார். பழைய நாட்காட்டி மட்டைதான் உறை. சட்டைப்பைக்குள் அடங்கும். "இதுக்கு மார்க்ஸ் இல்லை. ஆனால் நான் பார்ப்பன்" என்று சொல்லித்தான் கையில் தருவார்.

அழிறப்பர் தொடக்கூடாது, தாள் கிழிக்கக்கூடாது, ஒவ்வொரு படத்துக்கும் கீழே திகதியும் இடமும் எழுத வேண்டும். கோடு பிசகினால் அது அப்படியே கிடக்கட்டும், பக்கத்தில் இன்னொன்று கீறு என்பார்.

ஒருநாள் ஜாம்போத்தல் விளக்கொன்றை மேசையில் வைத்தார். எல்லோரும் சுடரிலிருந்து தொடங்கினோம். "சுடரை விடுங்கோ. எண்ணெய் எங்க முடியுது எண்டு பாருங்கோ" என்றார். கண் மட்டத்தில் எண்ணெயின் விளிம்பு நேர்கோடாகத் தெரிந்தது. போத்தலைத் தூக்கிக் கதிரையில் இறக்கி வைத்தார். அதே விளிம்பு நீள்வட்டமாக விரிந்தது. பிறகு நிலத்தில் வைத்தார், அது இன்னும் அகன்றது. அன்று முழுக்க அந்த எண்ணெய் விளிம்பைத்தான் கீறினோம். இன்றும் ஒரு தேநீர்க் கோப்பையைப் பார்த்தால் என் கண் முதலில் போவது அந்த விளிம்புக்குத்தான்.

சேர் சொல்லித் தந்தது எவ்வளவு பெரிய பழக்கம் என்பது இங்கே வந்த பிறகுதான் விளங்கியது. தென் கென்சிங்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஆங்கில ஓவியர் ஜோன் கொன்ஸ்ரபிளின் 1814ஆம் ஆண்டு ஸ்கெட்ச்புக் இருக்கிறது. சின்னஞ்சிறு புத்தகம். பிளாட்போர்ட் ஆலைக்கருகே படகு கட்டுவதை அதில் பென்சிலால் கீறி, 7 செப்டெம்பர் என்று திகதி போட்டிருக்கிறார். அந்தப் படத்தை வைத்து வரைந்த எண்ணெய் ஓவியம் 1815இல் றோயல் அக்கடமியில் காட்சிக்கு வந்தது. அதுவும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. அதே காலத்து இன்னொரு ஓவியர் ரேர்ணரின் ஸ்கெட்ச்புக்குகள் ஏறக்குறைய 300, லண்டனில் ரேற் பிரிட்டன் ஓவியக்கூடத்தில் உள்ளன. 1802இல் பாரிஸ் லூவருக்குப் போனபோது மற்றவர்களின் ஓவியங்களைப் பார்த்து, எந்த இடத்தில் என்ன நிறம் என்றுகூட ஒன்றில் குறித்து வைத்திருக்கிறார். காட்சிக்கு வைக்கவென்று செய்த புத்தகங்கள் அல்ல இவை. பார்த்ததைப் பிடித்து வைக்கவும் சரிவருமா என்று முயன்று பார்க்கவும் செய்தவை. நாங்கள் சட்டைப்பைக்குள் வைத்துத் திரிந்ததும் அதுவேதான்.

என் மகள், இங்கே பதினாறு வயதளவில் எடுக்கிற ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சைக்குச் சித்திரம் எடுத்தாள். 60 சதவீதப் புள்ளி ஆண்டு முழுக்கச் சேர்த்த வேலைக்கு, 40 பரீட்சைப் பணிக்கு. பிசகிய கோடுகளையும் ஒட்டிய துண்டுகளையும் அவளுடைய ஆசிரியை ஸ்கெட்ச்புக்கில் ஆவலோடு தேடிப் பார்த்ததைக் கண்டபோது சேர் இங்கே பிறந்திருக்கலாமே என்று இருந்தது. அப்புறம், அப்படிப் பிறந்திருந்தால் எங்களுக்கு யார் கொப்பி கட்டித் தந்திருப்பார்கள் என்றும் நினைத்தேன்.

கிளாலிக் கடலேரியால் படகில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது என் கொப்பிகளை அம்மாவிடம் விட்டு வந்தேன். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, இராணுவம் நெருங்கி வர ஊரே எழும்பிப் போனதில் அவை போய்விட்டன. சேர் மட்டும் தன் கொப்பிக் கட்டைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். யுத்தம் முடிந்து நான் போனபோது எடுத்துக் காட்டினார். "நாவற்குழி, 31.10.95." மழையில் குடைகள், சேற்றில் புதைந்த ஒரு சைக்கிள் சில்லு, தலையில் வைத்த பாத்திரத்தின் விளிம்பு. ஈரத்தில் தாள் சுருங்கியிருந்தது. நான் ஊரில் இல்லாத அந்த நாளை, அங்கே நின்று பார்த்த ஒருவரின் கையால் முதன்முதலாகப் பார்த்தேன். "நீ இப்ப கீறுறியோ?" என்று கேட்டார். வேலை, பிள்ளைகள் என்று ஏதோ சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். லண்டனில் எனக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். அந்தக் கேள்விக்குச் சொல்ல மட்டும் இன்னும் என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் கட்டு இப்போது சேரின் மகள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. கறையான் அரிக்க முன்னம் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணி, கல்லூரி நூலகத்துக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மகள் சம்மதித்துவிட்டார். செலவைச் சங்கம் ஏற்க வேண்டுமென்று வருகிற பொதுக்கூட்டத்தில் பிரேரிக்கப் போகிறேன். நாட்காட்டி மட்டை போட்ட கொப்பி உங்களில் யாரிடமாவது தப்பிக் கிடந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள். அதையும் சேர்த்துக்கொள்வோம்.