டபராவுக்கு வராத தண்ணீர்

மனைவியின் ஐந்து பவுன் சங்கிலியை மாற்றிப் புதிதாக வாங்கலாம் என்று போயிருந்தோம். கடைக்காரர் உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "டச் கம்மியா இருக்குங்க" என்றார், அதாவது தங்கத்தின் தூய்மை குறைவாம். இருபது வருடம் முன்பு 22 கேரட் என்று சொல்லி வாங்கியது. வீடு வந்து சேரும்வரை மனைவி வாயே திறக்கவில்லை. அந்த மௌனம் தாங்காமல்தான் உளறினேன்: "இதுக்கு எதுக்குக் கடைக்காரன்? ஆர்க்கிமிடிஸ் எப்பவோ வழி சொல்லிட்டாரு. நம்ம அடுப்படியிலயே பாத்துரலாம்."

அம்மா யார் அது என்று கேட்டாள். சிசிலித் தீவில் சிராகூஸ் என்ற கிரேக்க நகரம், அங்கே ஆர்க்கிமிடிஸ் என்ற கணித அறிஞர், ஹீரோன் என்ற மன்னன், கோயிலுக்கு நேர்ந்துகொண்டு செய்த தங்கக் கிரீடம், ஆசாரி வெள்ளி கலந்துவிட்டாரோ என்ற சந்தேகம் என்று வரிசையாகச் சொன்னேன். குளியல் தொட்டியில் இறங்கியபோது தண்ணீர் வழிந்ததும், ஒரே எடையில் வெள்ளி கலந்த தங்கம் அதிக இடம் பிடிக்கும், அதிகத் தண்ணீரை வழியவிடும் என்ற விஷயம் பிடிபட்டு, "யுரேகா" என்று தெருவில் ஓடினார் என்று முடித்தேன்.

"துண்டுகூடக் கட்டாமலா?" என்றாள் அம்மா.

சங்கிலியைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு அழுக்கு எடுத்தோம். சமையலறைத் தராசு சரியாக 40 கிராம் காட்டியது. டபராவில் டம்ளரை வைத்து விளிம்புவரை தண்ணீர் ஊற்றினேன். சங்கிலி உள்ளே போனால் வழிவது டபராவில் விழும், அதை அளந்தால் தீர்ந்தது. இதற்காகவே நம் முன்னோர் டபரா செட்டைக் கண்டுபிடித்தார்களோ என்றுகூடத் தோன்றியது.

மெதுவாக இறக்கினேன். ஒரு சொட்டுகூட வழியவில்லை.

தண்ணீர் விளிம்புக்கு மேலே லேசாகப் புடைத்துக்கொண்டு அப்படியே நின்றது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். 22 கேரட் தங்கம் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 17.7 கிராம் இருக்கும். 40 கிராம் சங்கிலி விலக்கும் தண்ணீர் இரண்டேகால் மில்லி, அதாவது அரை டீஸ்பூனுக்கும் குறைவு. ஏழு சென்டிமீட்டர் அகல டம்ளரில் மட்டம் உயர்வது ஒரு மில்லிமீட்டரில் பாதி சொச்சம். அதை மேற்பரப்பு இழுவிசையே தாங்கிக்கொள்கிறது.

எனக்கு மட்டும் வந்த சங்கடமில்லை இது. வழிந்த தண்ணீரை அளந்த கதையை எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர், அதுவும் ஆர்க்கிமிடிஸ் இறந்து சுமார் இருநூறு ஆண்டுகள் கழித்து. மிதக்கும் பொருள்களைப் பற்றி ஆர்க்கிமிடிசே எழுதிய நூலில் கிரீடமும் இல்லை, தொட்டியும் இல்லை. 1586இல், 22 வயது கலிலியோ இந்த வழிகிற கதையை நம்பாமல், தண்ணீருக்குள் எடை குறைவதைத் தராசில் பார்த்திருப்பார் என்று எழுதினார்.

சரி, கலிலியோ வழிக்கே போவோம். பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கி, சங்கிலியை நூலில் கட்டி அடியைத் தொடாமல் தொங்கவிட்டேன். விலக்கும் தண்ணீரின் எடையைத் தராசு காட்ட வேண்டும். காட்டியது: 2.

நாற்பதை இரண்டால் வகுத்தால் 20. சுத்தத் தங்கமே 19.3தான். என் மனைவியின் சங்கிலி தங்கத்தைவிடத் தங்கம்! கை லேசாக ஆடியது, தராசு 3 என்றது. இப்போது 13.3, அதாவது 14 கேரட் பக்கம். ஒரு கிராம் கணக்கில் காட்டும் தராசுக்கு நடுவில் எதுவும் தெரியாது. மூச்சுவிட்டால் ஏழையானோம், மூச்சடக்கினால் பணக்காரரானோம்.

"சாப்பிட வாங்க" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "இதை முடிச்சிட்டு வரேன்" என்றேன். கி.மு. 212இல் சிராகூஸ் விழுந்தபோது, தளபதியிடம் வரச்சொல்லி நின்ற ரோமானியச் சிப்பாயிடம் ஆர்க்கிமிடிசும் இதே பதிலைச் சொன்னதாக புளூட்டார்க் என்ற பழைய கிரேக்க எழுத்தாளர் எழுதுகிறார். சிப்பாய் வாளை உருவினான். என் வீட்டில் தோசைக்கல்லை இறக்கி அடுப்பை அணைத்துவிட்டார்கள். அன்றிரவு எனக்குக் கிடைத்தது ஆறிப்போன ஒரு தோசை.

மறுநாள் மனைவி தனியாக வேறொரு கடைக்குப் போய்வந்தாள். தங்கத்தின் தூய்மையை அளக்கும் கேரட் மீட்டரில் வைத்தார்களாம், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம், நூற்றுக்கு 91.3 பங்கு தங்கம். 22 கேரட் என்றால் 91.6 இருக்க வேண்டும். கண்ணிகளைப் பற்றவைத்த இடங்களால் அந்தக் கொஞ்சம் குறைகிறது, மற்றபடி 22 கேரட்தான் என்றார்களாம். "உங்க ஆளு வழியில 20ன்னா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

அம்மாவுக்கு மட்டும் வேறு கவலை. "அந்த ஆசாரியை அப்புறம் என்ன பண்ணாங்க?"

திருட்டு வெளிப்பட்டது என்பதோடு விட்ருவியஸ் நிறுத்திக்கொண்டார் என்றேன்.

"நல்லா எழுதினான் போ" என்று சொல்லிவிட்டு, பூந்திக்கொட்டை வாடை போக அந்த டம்ளரை மூன்றாவது முறையாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.