யன்னலைத் திறந்து வைத்துக் கேளுங்கள்

நல்ல ஹெட்போன் வாங்குங்கள், கதவைச் சாத்துங்கள், லைட்டை அணையுங்கள். அம்பியன்ட் இசை, அதாவது தாளமோ பாட்டோ முன்னுக்கு வராமல் சூழலோடு கலந்து கிடக்கிற இசை, கேட்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் கிடைக்கிற அறிவுரை இதுதான். மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு இந்த இசையைக் கேட்கிற எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஏனென்றால் இந்த இசையின் பெரும்பகுதி வெளிச்சத்தத்தோடு கலந்து கேட்பதற்கென்றே பிறந்தது.

1975இன் தொடக்கத்தில், இந்த இசைக்குப் பெயர் வைத்த ஆங்கிலேய இசைக்கலைஞர் பிரையன் ஈனோ விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். பார்க்க வந்த நண்பர் ஜூடி நைலன் பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு ஈனோ பெரும் சிரமப்பட்டு எழுந்து அதைப் போட்டுவிட்டு வந்து படுத்தால், சத்தம் மிகக் குறைவு, ஸ்பீக்கரில் ஒரு பக்கம் வேலை செய்யவே இல்லை. திரும்ப எழுந்து போய்ச் சரிசெய்ய உடம்பில் தெம்பு இல்லை. வெளியே மழை. அந்த மழைக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நரம்பொலி மட்டும் மேலே வந்து போக, அப்படியே கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார். அந்த வருடமே அவருடைய ‘டிஸ்கிரீட் மியூசிக்’ இசைத்தொகுப்பு வந்தது, சில வருடங்கள் கழித்து ‘மியூசிக் ஃபோர் எயார்போர்ட்ஸ்’.

இந்த இரண்டாவது தொகுப்பில் வெறும் குரல்களால் ஆன ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு குரலும் ஒரேயொரு சுரத்தை நீட்டிப் பாடி, அது ஒரு டேப் வளையமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒன்று 23½ விநாடிக்கு ஒருமுறை திரும்பி வரும், இன்னொன்றுக்குக் கிட்டத்தட்ட 26 விநாடி, மற்றொன்றுக்குக் கிட்டத்தட்ட 30. நீளங்கள் ஒன்றோடொன்று பொருந்தாததால், ஒருமுறை கேட்ட சேர்க்கை நாம் உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குள் திரும்ப வராது. மிருதங்கமோ பாட்டோ கொஞ்சம் படித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: எத்தனை சுற்றுச் சுற்றினாலும் எல்லாம் கடைசியில் தாளம் தொடங்குகிற இடமான சமத்தில் வந்து விழும் என்று காத்திருந்தே பழகிய காது நம்முடையது, அந்தக் காத்திருப்பையே இந்த இசை கழற்றி வைத்துவிடுகிறது.

பின்னேரத்தில் பாண் ஓட்டோ ‘ஃபர் எலீஸ்’ மெட்டைத் திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டு எங்கள் தெருவால் போகும். ஹெட்போன் போட்டிருந்தால் அது தொந்தரவு. ஸ்பீக்கரில் சத்தத்தைக் குறைத்து, யன்னலையும் திறந்து வைத்திருந்தால் பீத்தோவன் மெல்ல மெல்லக் கிட்ட வந்து, ஈனோவின் குரல்களுக்குள் நுழைந்து, சந்தி திரும்பித் தேய்ந்துபோவார். அதுவும் தன் பாட்டில் சுற்றுகிற ஒரு வளையம்தானே. மாரி காலத்துத் தவளைகளைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

அம்மம்மா ஒருநாள் சுளகோடு வந்து உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே, “என்ன மனே, பாட்டு எப்பத் தொடங்கும்?” என்று கேட்டார். தொடங்கி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது என்றேன். நிறுத்தவா என்று கேட்டதற்கு, “இல்ல, அது பாட்டுக்குக் கிடக்கட்டும்” என்றார். இந்த இசைக்கு இதைவிட நல்ல விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

சரி, ‘மீன் பாடும் தேனாடு’ என்று நாமே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற ஊர் இது. 1848இல் இங்கே வந்த எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இரவில் வள்ளத்தில் போய் வாவியின் ஒலியைக் கேட்டு எழுதியிருக்கிறார்: ஈர விரலால் கண்ணாடிக் கோப்பையின் விளிம்பைத் தேய்க்கும்போது எழுவதுபோல ஒன்று, ஆனால் நீண்ட ஒற்றைச் சுரம் அல்ல, தனித்தனியே தெளிவாகக் கேட்கிற ஏராளமான சிற்றொலிகள். வள்ளத்தின் மரத்தில் காதை வைத்தபோது அது இன்னும் பலமாகக் கேட்டதாம். நம்மவர்கள் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையில் காதை வைத்துக் கேட்பதும் இதற்குத்தான். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளிவந்த ‘யாழ்நூல்’ வரைக்கும் இந்த ஒலியைக் கொண்டுபோய், நீரில் வாழும் தேவப் பெண்களான நீரரமகளிர் பாடுவதாகவே பாடி வைத்தார். பாடுவது மீனா, ஊரி என்கிற சிப்பியா என்ற விவாதம் எனக்கு முக்கியமில்லை. நிலா வெளிச்சத்தில் வள்ளத்தை நிறுத்திவிட்டு, தாளமும் சொல்லும் இல்லாத ஒன்றுக்காக மூச்சை அடக்கிக் காத்திருக்கிற பழக்கம் இந்த ஊருக்கு எப்போதோ இருந்திருக்கிறது, எனவே இந்த இசை நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லாவற்றையும் யன்னல் திறந்து கேட்க முடியாது என்பதும் உண்மை. பிரெஞ்சுக்காரரான எலியான் ராடிக் ‘ஏ.ஆர்.பி. 2500’ என்ற சிந்தசைசரை, அதாவது மின்சாரத்தால் ஒலி உண்டாக்குகிற கருவியை, வைத்துக்கொண்டு, அதன் கீபோர்டைத் தொடாமல், குமிழ்களை நூலளவு நூலளவாகத் திருப்பியே பல வருடங்கள் இசை செய்தவர். அவருடைய ‘கைலாஷா’ கயிலை மலையை மனதால் வலம் வருகிற இசை, ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். சுருதிப்பெட்டியை மட்டும் தனியாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உள்ளே போக வழி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஃபேன் சுற்றினாலே அடியில் இருக்கிற அசைவு காணாமல் போய்விடும், அதனால் இதற்கு மட்டும் ஹெட்போனும் நடுச்சாமமும். தூங்குவதற்கு இதைப் போடாதீர்கள், தயவுசெய்து. இருபது நிமிடம் கழித்து ஒரு சுரம் இடம்மாறி நிற்பதைத் திடீரென்று உணர்கிற அந்தக் கணத்துக்காகத்தான் அவர் அவ்வளவு மெதுவாகத் திருப்புகிறார்.

நானும் இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். பஸர்களுக்குள் இருக்கிற, அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பியெசோ தகட்டில் வயரைப் பற்றவைத்து, தண்ணீர் புகாதபடி மூடினால் தண்ணீருக்கடியில் ஒலிப்பதிவு செய்கிற மைக் ஒன்று தயார். கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, பறுவத்தன்று இரவு, முழுதாக ஒரு மணித்தியாலம் வெட்டாமல் ஒட்டாமல் பதிய வேண்டும். மோட்டர் பூட்டாத வள்ளம் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், காற்று விழுந்த இரவாகப் பார்த்துப் போவோம்.