சாய்ந்த வெயிலில் பாருங்கள்

வயல்வெளி நடுவே ஒதுங்கிக் கிடக்கும் பழைய இடிபாடுகளைப் பார்க்க நான் போவது விடிந்த கையோடு, இல்லையென்றால் மாலை வெயில் சாயும்போதுதான். உச்சி வெயிலில் வெறும் பாறையாகத் தெரியும் கல்லில், வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் எழுத்தின் பள்ளங்கள் நிழல் கட்டி எழுந்து நிற்கும். ஒருமுறை மதியம் முழுக்கத் தேடியும் கிடைக்காத ஒரு வரி, ஐந்து மணிக்கு என் கண்ணெதிரிலேயே இருந்தது. அன்று உடம்பு சிலிர்த்துவிட்டது.

தரையையும் கவனியுங்கள். புதைந்த சுவருக்கு மேல் மண் ஆழம் குறைவு. கோடையில் அங்கே புல் முதலில் காயும். மூடிப்போன பழைய அகழியில் ஈரம் தங்கும், பயிர் பச்சையாகவே நிற்கும். 2018 வறட்சியில் அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறை மேட்டின் அருகே ஒரு வயலில் இப்படித்தான் பெரிய வட்ட அமைப்பு ஒன்று ட்ரோன் படத்தில் தெரியவந்தது. சீனாவின் சுடுமண் படை, அதாவது பேரரசரின் கல்லறை அருகே புதைத்த களிமண் வீரர் சிலைகள், வெளிப்பட்டது 1974-ல், விவசாயிகள் கிணறு வெட்டியபோது. அதனால் உழுகிறவர்களிடம் பேசாமல் நான் திரும்புவதே இல்லை. எந்த மூலையில் கலப்பை கல்லில் இடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமென்று சுண்ணக்கட்டியால் தேய்க்காதீர்கள். பானை ஓடு காலில் பட்டால் படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். எங்கே, எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் ஆய்வாளருக்கு வேண்டும்.

அப்புறம், வேலிக் கதவைத் திறந்து நுழைந்தால் மூடிவிட்டு வாருங்கள். அது ஒருவருடைய வயல்.